வெயில் தாழும்வரை

என் வாய் கொஞ்சம் நீளம். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் எங்கள் இடவழியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐஸ் மீனைப் பச்சை மீன் என்று தள்ளிவிடப் பார்க்கும் மீன்காரனைத் திட்டுவேன். கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிற பால்காரனைத் திட்டுவேன். என் வீட்டுக்காரர் நேசமணியைத் திட்ட எனக்குக் காரணமே வேண்டாம். "எலிசாளுக்கு வாய் வலிக்காதா" என்று அவர் மற்றவர்களிடம் கேட்டுச் சிரிப்பார். கொஞ்ச காலமாகச் சிரிக்கவும் அவருக்கு மூச்சு பத்தவில்லை.

கிரானைட் பட்டறையில் கல் அறுத்து அறுத்து அவர் நெஞ்சுக்குள் கல்தூசி படிந்துவிட்டது. முன்னறையில் அவர் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகாது. ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிப்பார், பிறகு உதடு நீலமாகும். மழைக்காலத்தில் ஒரு பலாக்கொம்பு ஒடிந்து கம்பியில் விழுந்தால் எங்கள் பக்கம் அரை நாள் இருட்டு. அதற்காகத்தான் சோலார் வைத்தோம், பாட்டரியோடு சேர்த்து. பஹ்ரைனில் இருக்கும் எங்கள் மகன் ஆன்சன்தான் எல்லா ஏற்பாடும் செய்தான். அது வந்தபிறகு, வாடகைக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இனி எதற்கு என்று நினைத்தோம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

எங்கள் வீடு ஒரு நிலை, மேலே அறை கிடையாது. மொட்டைமாடிக்கு மேல் இரும்புக்கால் நட்டு ட்ரஸ் போட்டு, தகரம் வேய்ந்திருக்கிறோம். இந்த ஊர் மழைக்கு அது இல்லாமல் முடியாது. தகரத்துக்கு மேலே பேனல்கள். தகரத்துக்குக் கீழே துணி காயும், தேங்காய் காயும், மழைக்கு நனையாமல், அடுப்பெரிக்க, உரித்த தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் சாக்குசாக்காக அடுக்கியிருக்கும். இடவழியில் ட்ரஸ் போட்ட எந்த வீட்டில் ஏறிப் பார்த்தாலும் இதே காட்சிதான். பேனலிலிருந்து இறங்கும் கம்பி, ட்ரஸ் காலில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போகும். பெட்டியின் முகத்தில் சிவப்பாக ஒரு திருகு. அதைத் திருப்பினால் பேனலின் கரண்ட் கீழே வராது.

சோலாரை ஃபிட் செய்ய வந்த பிரஜின் நல்ல பையன். அந்தப் பெட்டி மழைக்குத் தாங்கும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். இவர் நம்பினால்தானே! வாழ்நாள் முழுக்கத் தூசி தின்ற மனிதர், எதையும் மூடி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, மிக்சிக்குத் துணி உறை, பிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூட ஒரு சட்டை. இடவப்பாதி மழை தொடங்கியதும், மூக்குக் குழாயைக் கழற்றிவைத்துவிட்டு, சபையின் கன்வென்ஷனுக்கு அடித்த பழைய பிளக்ஸ் பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து மாடிக்கு ஏறினார். அந்தப் பெட்டியைச் சுற்றிப் பேனரை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். இறங்கி வந்தவருக்குப் பேச்சே வரவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கையால் மட்டும் காட்டினார், நனையாது இனி என்று.

மழை போய்ப் பனி போய், மார்ச் மாத வெயில் வந்தது. அன்று அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு மத்தியானத்துக்கு மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. அடுப்பைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்து, திட்டுவதற்காகத்தான் வெளியே வந்தேன். புகை எங்கள் மாடியிலிருந்து வந்தது.

ஓடி ஏறினேன். ட்ரஸ் காலில் பேனர் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மீன் பொரிகிற மாதிரி ஒரு சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம். கீழே தொண்டுச் சாக்கின் வாயில் சின்னதாகத் தீ பிடித்திருந்தது. சின்னத் தீதான். ஒரு வாளி தண்ணீருக்கு அடங்கும் தீ. தண்ணீர் டாங்கும் அங்கேதான் நின்றது. ஆனால் கரண்டுத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும், முதலில் மெயினை அணைக்க வேண்டும். இடி இடித்தாலே மெயினை அணைக்கிற ஊர் இது. இறங்கி ஓடி மெயினை இறக்கினேன். பாட்டரிப் பெட்டியின் சுவிட்சையும் இறக்கினேன். முன்னறையில் மிஷின் கீ என்று நீளமாகக் கத்திவிட்டு நின்றது. இவர் கண்ணை விரித்து என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல, இப்ப போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஓடினேன்.

அந்த நீல வெளிச்சம் அப்படியே இருந்தது. சத்தமும் அப்படியே இருந்தது. வீட்டில் ஒரு சொட்டு கரண்ட் இல்லை, மேலே அது பாட்டுக்குப் பொரிகிறது. பிரஜினுக்குப் போன் அடித்தேன்.

"ஆன்டி, தண்ணி ஊத்தாண்டாம் கேட்டியளா!" என்று அவன் அலறினான். "மெயின் ஆஃப் பண்ணினா பேனல் ஆஃப் ஆகாது. வெயில் அடிக்கும்மட்டும் அதுல கரண்ட் வந்துட்டே இருக்கும். சிவப்புத் திருகு உண்டுல்லா, அத திருப்புங்க."

"அந்தப் பெட்டிதாம்லே எரியுது!"

"அப்படின்னா அது கிட்ட போகாதீங்க. அங்கிளைக் கூட்டிட்டு வெளிய இறங்குங்க. ஃபயர் ஃபோர்சை விளிங்க. நான் நெடுமங்காட்டுல ஒரு சைட்ல நிக்கேன், புறப்பட்டுட்டேன்."

"அதுவரை அத எப்படிலே ஆஃப் பண்ணுறது?"

"பண்ண முடியாது ஆன்டி. சூரியன் மறையணும், இல்லேன்னா பேனலை மூடணும்."

பூச்சட்டியிலிருந்த மண்ணை அள்ளி அள்ளி எறிந்தேன். சாக்கின் தீ கொஞ்சம் தாழ்ந்தது. மேலேயிருந்து உருகிய பேனர் சொட்டி மறுபடி பிடித்தது. இரண்டாவது சாக்குக்கும் போயிற்று. தொண்டு உள்ளுக்குள்ளே கனன்று கரும்புகை கக்கியது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

எதிர்வீட்டு ஷிஜாவும் அவள் கணவன் ஜெயந்தும் புகையைப் பார்த்து ஓடி வந்தார்கள். ஜெயந்த் இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பக்கம் தூக்க, நான் மறுபக்கம் தூக்கினேன். ஷிஜா மிஷினை உருட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் வீட்டு வராந்தாவில் மிஷினை மாட்டி சுவிட்சைப் போட்டாள். புஸ் புஸ் என்று அது மூச்சு விடத் தொடங்கியது. குழாயை இவர் மூக்கில் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது, முகத்தில் நிறம் வந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீடு போனால் போகட்டும் என்று அப்போது மனசாரச் சொன்னேன். கர்த்தர் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன். அதை மட்டும்தான் கேட்டார்.

ஆன்சன் போன் செய்தான். அவன் போனில் சோலாருக்கு ஒரு ஆப் இருக்கிறது, எத்தனை யூனிட் வந்தது என்று அங்கிருந்தே பார்ப்பான். "அம்மே, ஆஃப்லைன்னு காட்டுது, என்னாச்சு?" என்றான். சொன்னேன். "பயப்படாதீங்கம்மே, கம்பெனிக்காரனை விளிச்சு இங்கேயிருந்தே ஆஃப் பண்ணச் சொல்லுதேன்" என்றான். அது அப்படி அணையாது மக்களே என்றேன். அவன் அழத் தொடங்கினான். கடலுக்கு அந்தப் பக்கம் அழுகிற பிள்ளைக்கு நான் என்ன செய்வேன்? அப்பா நல்லா இருக்காரு என்று சொல்லி வைத்தேன். அந்த நேரத்தில் அது பொய் இல்லை.

ஃபயர் ஃபோர்ஸ் வண்டி வந்தது. இடவழி குறுகலானது, வண்டி மதிலை உரசிக்கொண்டு அதன் வாய்வரை வந்து அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் ட்ரஸின் ஒரு பக்கம் முழுக்கப் பிடித்து, தகரத்தின் விளிம்பு வழியாகத் தீ நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில், போஸ்டிலிருந்து போகும் கரண்ட் கம்பிகள். ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரர் போல, நம் தமிழும் அவருக்கு வந்தது.

"லைன் ஆஃப் ஆகாம என் பிள்ளைங்க ஹோஸைத் தொடமாட்டாங்க. லைன்மேன் எங்க?"

லைன்மேன் வேலாயுதன் பைக்கில் பின்னாலேயே வந்துவிட்டான். அவன் இந்தப் பக்கத்துக்காரன், எங்களைத் தெரியும். வேகமாக டிரான்ஸ்பார்மரை நோக்கி ஓடினான். அவன் எதற்கு ஓடுகிறான் என்று எனக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை. உறைத்தபோது, பின்னால் மிஷின் கீ என்று கத்திவிட்டு நின்றது.

இடவழி முழுக்கக் கரண்ட் போயிற்று. ஷிஜா ஓடிப்போய் அவள் வீட்டு இன்வெர்ட்டர் பிளக்கில் மிஷினை மாட்டினாள். விளக்குக்கும் மின்விசிறிக்கும் வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் அது. மிஷின் ஒரு தடவை புஸ் என்றது, இன்வெர்ட்டர் கத்தியது, இரண்டும் நின்றன. மறுபடி போட்டாள். மறுபடி நின்றது. இடவழியில் எங்கும் கரண்ட் இல்லை, எங்கள் கூரையைத் தவிர. அங்கே மட்டும், யாராலும் அணைக்க முடியாத கரண்ட் நீலமாகப் பொரிந்துகொண்டிருந்தது.

நான் ஆபீசரின் கையைப் பிடித்தேன். "சாரே, லைனைப் போடச் சொல்லுங்க. வீடு எரிஞ்சா எரியட்டும். எனக்கு வீடு வேண்டாம். என் ஆளுக்கு மூச்சு வேணும்."

அவர் இவரைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். "அம்மா, தீ கம்பிய நக்குது. இப்ப போட்டா கம்பி அறுந்து ரோட்டுல விழும். இங்க எத்தன பேர் நிக்காங்க பாருங்க" என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. இருந்திருந்தால் நான் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஜெயந்தைப் பார்த்து, ஆம்புலன்ஸ் விளிச்சாச்சா என்று கேட்டார். அவன் ஏற்கெனவே விளித்திருந்தான், வருகிறது என்றார்கள்.

கம்பியில் கரண்ட் போனபிறகு தண்ணீர் பீச்சினார்கள், தூரத்தில் நின்று, மழைத் தூறல் போல. தகரமும் பேனலும் குடை பிடித்த மாதிரி அதைத் தடுத்தன. தண்ணீர் கூரைமேல் விழுந்து ஓடி வழிந்தது, அடியில் தீ சுகமாக எரிந்தது. மாடிப்படியில் ஏறிக் கிட்டே நின்று அடித்தால் ஒரு நொடி வேலை. ஆனால் அங்கே பேனல் கம்பி பொரிகிறது. ஒரு பையன் ஏறட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். அவனுக்கு என் ஆன்சன் வயதுதான் இருக்கும். அவனை ஏறச் சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.

பிரஜின் இன்னும் வந்து சேரவில்லை. பேனலை மூட வேண்டும் என்றார்கள். பந்தல்காரனிடமிருந்து தார்ப்பாய் வந்தது. காய்ந்து கொதிக்கிற தகரத்தில் யார் ஏறி அதை விரிப்பது? மூடக் கூடாததை இந்த மனிதர் சூடு போக வழியில்லாமல் கயிறு போட்டு மூடி வைத்தார், மூட வேண்டியதை மூட ஊரில் ஒருவரும் இல்லை. மூங்கிலில் மாட்டி எறிந்து பார்த்தார்கள். பாதி தார்ப்பாய் ஒரு ஓரத்தில் தொங்கி, அதுவும் பிடித்துக்கொண்டது. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். திருவனந்தபுரத்தில் துணி காயப்போட்டால் அடுத்த நிமிஷம் மேகம் வரும். அன்று சங்குமுகம் கடல் பக்கத்திலிருந்து ஒரு துண்டு மேகம் வந்தது, சூரியனுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. நான் சூரியனைத் திட்டினேன். உரக்கவே திட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

இவர் நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் விசிறினேன். காற்று இல்லாமல் இல்லை, ஊரெல்லாம் காற்று இருந்தது. அதிலிருந்து அவருக்கு வேண்டியதைப் பிரித்துத் தர எனக்குத் தெரியவில்லை. நகம் நீலமாகியிருந்தது.

"ஏட்டி" என்றார். இன்னொரு மூச்சு எடுத்து, "அணஞ்சா?" என்றார்.

அவர் முதுகு எங்கள் வீட்டுப் பக்கம் இருந்தது. "அணஞ்சாச்சு. நீங்க பேசாம இரிங்க" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் இவ்வளவு மெதுவாக நான் பேசியது கிடையாது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார்.

ஆம்புலன்ஸின் சத்தம் மெயின் ரோட்டில் கேட்டது, பிறகு நின்றது. ஃபயர் ஃபோர்ஸ் வண்டி வழியை அடைத்து நிற்கிறது. அதைப் பின்னால் எடுக்க ஹோஸைக் கழற்ற வேண்டும், கழற்றினால் பக்கத்து வீட்டுச் சுவரை நனைத்துக் காப்பாற்றுவது நிற்கும். ஜெயந்தும் அந்தப் பையனும் நாற்காலியோடு இவரைத் தூக்கினார்கள். வண்டிக்கும் மதிலுக்கும் இடையில் நாற்காலி நுழையவில்லை. இவரைக் கையில் தாங்கி, பக்கவாட்டில் திருப்பி, தலையை வளைத்து நுழைத்தார்கள். நான் பின்னால் போனேன். தண்ணீரில் என் செருப்பு போயிற்று. போஸ்டின் அடியில் நின்ற வேலாயுதன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

ஆம்புலன்ஸில் ஏற்றியதும் மாஸ்க் வைத்தார்கள். சிலிண்டரைத் திறந்துவிட்டார்கள். வேண்டிய மட்டும் ஆக்சிஜன் இருந்தது. இவர் என் கையைப் பிடித்திருந்தார். கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது பிடி தளர்ந்தது. வண்டி குலுங்குகிறது, அதனால்தான் என்று நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டியிலிருந்த நர்ஸ் பையன் நெஞ்சை அமுக்கத் தொடங்கினான். மெடிக்கல் காலேஜ் போய்ச் சேரும்வரை அவன் நிறுத்தவில்லை. அங்கே ஒரு டாக்டர் மோள் இவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, யார் கூட வந்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

உடம்பைத் தருவதற்கு உள்ளே எழுதிச் சரிசெய்ய நேரமாகும் என்று வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். யாரைத் திட்டலாம் என்று யோசித்தேன். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியாது. பிரஜின் சொன்னது சரி. ஆபீசர் சொன்னது சரி. வேலாயுதன் லைனை நிறுத்தியிருக்காவிட்டால் கம்பி யார் தலையிலாவது விழுந்திருக்கும். ஆன்சன் பிள்ளைக் கடமையைச் செய்தான். கடைசியில் இவர்தான் மிஞ்சினார். "ஏன் ஓய் அத போத்தி வச்சீரு, யாரு கேட்டா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டேன். வாய் அதோடு அடைத்துக்கொண்டது. நனையக் கூடாது என்றுதானே, படிப்படியாக உட்கார்ந்து ஏறிப் போனார்.

வெயில் தாழ்ந்தபிறகு ஷிஜா போன் செய்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஜெயந்திடம் நான் சொல்லியிருந்தேன், அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் ஆசுபத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஆன்டி, தீ முழுக்க அணைச்சாச்சு. இப்பத்தான் கரண்ட் வந்துது" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. "நான் சுவிட்சை ஆஃப் பண்ண மறந்துட்டேன், அங்கிளோட மிஷின் தானா ஓடத் தொடங்கிட்டு. இங்க நல்லா ஓடுது. யாருகிட்டயாவது கொடுத்து ஆசுபத்திரிக்கு அனுப்பட்டா?"

அவள் பேச்சுக்குப் பின்னால் அது கேட்டது. புஸ், புஸ் என்று, யாரும் இல்லாத வராந்தாவில், ஒரே சீராக.

"வேண்டாம் மோளே. அத ஆஃப் பண்ணிரு" என்றேன்.

சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது, மிஷின் உடனே நின்றது.